சித்தப்பா கடை வாசலில் ஒரு பெஞ்ச்

1

"என் கடை வாசல்ல என் காரை நான் நிறுத்தாம வேற யாரு நிறுத்துவா?"

"கடைக்கு வர்றவங்க, சித்தப்பா."

"அவங்களுக்குத்தான் நிறுத்த இடமே இல்லையே!"

"எப்படி இருக்கும்? அங்கதான் உங்க கார் நிக்குதே."

சாப்பாட்டு மேசையில் நடந்த இந்தச் சண்டையிலிருந்து திருடிய கதை இது, மறைப்பானேன். அக்கா நகராட்சியில் இன்ஜினியர். சித்தப்பா கடைத்தெருவில் மெத்தை விற்பவர், வியாபாரிகள் சங்கத் தலைவர். நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சோம்பிக் கிடந்த அந்த நகரத்தின் இதயத்தில், ஒரு மாலை' — வேண்டாம். நகரத்துக்கு இதயம் இருந்தால் அக்கா அதற்கும் வரைபடம் போட்டிருப்பாள்.

நேராகவே சொல்கிறேன். கடைத்தெருவில் வண்டிகள் பறந்தன, யாரும் இறங்கவில்லை. பாதிக் கடைகள் மூடிவிட்டன. அக்கா பெயின்ட் கோடு போட்டுச் சாலையை ஒடுக்கினாள், ஓரமாகச் செடித் தொட்டிகள் வைத்தாள், கார்கள் நின்ற சில இடங்களில், சித்தப்பா கடை வாசலிலும்தான், பெஞ்ச் போட்டாள். அவள் தனியாகச் செய்த முதல் வேலை. எல்லாம் சோதனைக்குத்தான். நாளை சங்கக் கூட்டம். சித்தப்பா வேண்டாம் என்றால் கோடுகள்மேல் தார் பூசிவிடுவார்கள்.

(சோதனைப் பெஞ்சுகளுக்கு முதுகு சாய்க்கச் சாய்வு கிடையாது. நிரந்தரமானால்தான் சாய்வு வைப்பார்கள். நகராட்சி வழக்கம். இதை நீங்கள் நினைவில் வையுங்கள், எனக்கு மறந்துபோகும்.)

(நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எப்போதும் யாராவது பெஞ்சில் உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருப்பார்கள். எங்கள் தெருவில் காத்திருக்க இடமே இல்லை. அதனால் நான் அக்கா கட்சி.)

3

சித்தப்பாவை வில்லனாக்கிப் பார்த்தேன். படியவில்லை. மெத்தையில் படுத்துப் பார்ப்பவர்கள் கூச்சப்படக் கூடாதென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்பவர் அவர். பயமும் நியாயமானது: "மெத்தையைத் தலையில தூக்கிட்டா போவாங்க, இன்ஜினியரம்மா?"

கார் நின்றால்தான் கடை திறந்திருப்பது தெரியுமாம். அதனால் காலையிலேயே கொண்டுவந்து நிறுத்துவார். அது கடையையே மறைத்தது. பெஞ்ச் வந்த பிறகுதான் உள்ளே மெத்தை இருப்பது பலருக்குத் தெரிந்தது.

"உட்கார்றவன் எல்லாம் உள்ள வந்து மெத்தையை அமுக்கிப் பார்க்கிறான். வாங்கத்தான் மாட்டேங்கிறான்."

"முன்னாடி அமுக்கக்கூட ஆள் வரல, சித்தப்பா."

4

முதல் முடிவு: வியாபாரம் கொழிக்கிறது. சித்தப்பா அக்காவைக் கட்டிக்கொண்டு — அவர் யாரையும் கட்டிக்கொண்டதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: தார் வண்டி வருகிறது. பக்கத்து அறையில் அக்கா செருப்பில் ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது நான் கற்பனை செய்ததல்ல. இன்று சாயங்காலம் பார்த்தது. நானும் அக்காவும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். சித்தப்பா வெளியே வந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் பின்னால் சாய்ந்தார். சாய ஒன்றுமில்லை, கால்கள் மேலே போயின. நாங்கள் சிரிக்கவில்லை. (சிரித்தோம்.)

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். சாய்வு பற்றிய வழக்கம் அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது. அக்காவின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டது இதுதான்:

"நான் ஊர்க்காரங்க முதுகை நம்பிப் பொழைக்கிறவன். என் கடை வாசல்லயா இப்படி ஒண்ணைப் போடுவ? இதுக்கு ஒரு சாய்வு வெச்சுக் குடும்மா."