இறுக்கிக் கட்டிய துண்டு

பையில் ஒரு சொட்டும் இல்லை. காலையில் அதைப் பார்த்ததும் நான் சந்தோஷப்பட்டேன். நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

தங்கச்சி டெல்சிக்கு அப்பெண்டிக்ஸ் உடைந்து வயிற்றுக்குள்ளே சீழ் கட்டிவிட்டது. அக்கரப்பத்தனையிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஸ்கேன் பார்த்து, வயிற்றில் துளை போட்டு ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். மறுமுனையில் பை. சீழ் அதில் வடியும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கையில் ஊசி மருந்து. முதல் நாள் அந்த நாற்றம் தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். மூன்றாம் நாள் பை பாதிதான் நிறைந்தது. "நல்லா கொறையுது" என்றாள் வார்டு நர்ஸ் மிஸ்ஸி. அப்படியானால் பை காலியானால் சுகம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பெரிய டாக்டர் பாருங்கள்!

நேற்றுச் சாயங்காலம் டெல்சி சிணுங்கினாள்.

"அக்கா, எந்திரிச்சா வயிறு கழண்டு விழுற மாதிரி இருக்கு. படங்கு கட்டுற மாதிரி இறுக்கிக் கட்டிவிடுக்கா."

பதினைந்து வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால்தான் எங்களுக்கெல்லாம் மலையேறத் தெம்பு வரும். நானும் யோசிக்காமல் என் துண்டை அவள் வயிற்றைச் சுற்றி, குழாய்க்கு மேலேயே இரண்டு முடிச்சுப் போட்டேன். கம்பளியைப் போர்த்திவிட்டேன். "இப்பத்தான்க்கா நல்லாருக்கு" என்று தூங்கிப்போனாள்.

விடிந்ததும் பை காலி. அவள் புருஷன் ஜூட்சனுக்குப் போன் போட்டு, "சீழ் நின்னுருச்சு தம்பி! அம்மா வந்துருவான்னு புள்ளகிட்ட சொல்லுங்க" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கட்டில் ஆடுகிறது. டெல்சிக்குப் பல் கிடுகிடுக்கிறது. உடம்பு அனலாய்ச் சுடுகிறது.

"ஏய், என்னடி? கண்ணத் தொற!"

கம்பளியை விலக்கினேன். துண்டுக்கு அடியில் குழாய் மடிந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாய் முடிச்சை அவிழ்த்தேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மிஸ்ஸியைக் கூப்பிடுவதற்கு முன்னால் துண்டைச் சுருட்டிக் கூடைக்குள் ஒளித்தேன். தங்கச்சி சாகக் கிடக்கிறாள், எனக்கு ஏச்சு வாங்கப் பயம்!

டாக்டர் கஜேந்திரன் வந்து வயிற்றை அழுத்தினார். டெல்சி அலறினாள்.

"குழாய்ல ஒண்ணும் வரல்ல. சீழ் வேற எடத்துல சேந்துருச்சு போல. வயித்தத் தொறந்துதான் பாக்கணும்."

"தொறந்தா...?"

"இந்த நெலமைல கொஞ்சம் ஆபத்துதாம்மா."

தள்ளுவண்டி வந்துவிட்டது. இரண்டு பேர் அவளைத் தூக்கக் குனிந்தார்கள். "அக்கா, எங்கூட வா" என்று டெல்சி என் விரலைப் பிடித்தாள். மாதாவே! வாயைத் திறடி பவுலின், வாயைத் திற.

"நிப்பாட்டுங்க! நாந்தான் சார். நாந்தான் கட்டுனேன்."

துண்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

குழாயை வயிற்றோடு ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்தார். அதற்கடியில் குழாய் இன்னும் மடிந்தே இருந்தது. நிமிர்த்தி, சிரிஞ்சால் சேலைன் ஏற்றினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் ஏற்றினார். டெல்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். குழாய்க்குள் மஞ்சளாய் ஒரு கட்டி நகர்ந்தது. அதன் பின்னாலேயே சீழ் குபுகுபுவென்று பைக்குள் இறங்கியது. அதே நாற்றம். இந்தத் தடவை நான் வாயைப் பொத்தவில்லை. அழுதுகொண்டே ஆழ மூச்சிழுத்தேன்.

"வண்டிய ஓரமா வைங்க" என்றார் டாக்டர். "சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் எறங்கணும். எறங்கலன்னா ஆப்பரேஷன் தியேட்டர்தான்."

வண்டி இன்னும் கதவோரம்தான் நிற்கிறது. மணி மூன்று. பை பாதி நிறைந்துவிட்டது, அவள் நெற்றி மட்டும் இன்னும் சுடுகிறது. இப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, வயிறு கழண்டு விழுது. அந்தத் துண்டக் கட்டிவிடேன்."

"சும்மா கெட!" என்று கத்தினேன். பிறகு என் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.