மெரூன் காருக்குப் பச்சை டிக்கி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், கிடர்மின்ஸ்டரில் பால் வாங்கப் போன வழியில் ஒரு மெரூன் கார் பச்சை டிக்கி மூடியோடு என்னைக் கடந்தது. ஓட்டியவள் என் தெருக்காரி மேவிஸ். தட்டுக்குப் பொருந்தாத கோப்பையில் டீகூடக் குடிக்கமாட்டாள். கதை அங்கே பிறந்தது. மிச்சத்தை நான் கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: ‘கோடைக் காலையின் பொன்வெயிலில்...’ (வேண்டாம். அன்று தூறல். என்றும் தூறல்தான்.)

இரண்டாவது: மேவிஸிடம் வுல்ஸ்லி ஹார்னெட். அவள் தம்பி கிளைவிடம் பச்சை நிற ரைலி எல்ஃப். இரண்டுமே மினி காருக்குப் பின்னால் டிக்கி சேர்த்த வண்டிகள். ரைலிக்கு டேஷ்போர்டு முழுக்க மரம். வுல்ஸ்லிக்கு மரம் கொஞ்சம்தான். ஆனால் முகப்பில் பெயர்ப்பட்டை உண்டு, விளக்கைப் போட்டால் அதுவும் ஒளிரும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

3

பழைய கார்க் கண்காட்சியில் ரைலி வரிசை முடியும் இடத்தில் வுல்ஸ்லி வரிசை தொடங்கும். அந்த எல்லையில்தான் இருவரும் மடக்கு நாற்காலி போட்டு, ஒரே ஃபிளாஸ்க்கில் டீ குடிப்பார்கள். ஒரு வருடம் நடுவர் காதுபட கிளைவ் சொன்னான்:

“எங்கக்கா காரும் ரைலிதாங்க. மரத்துக்கு வக்கில்லாம நெத்தியில லைட்ட ஒட்டிக்கிச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். மேவிஸ் நாற்காலியை மடக்கினாள். மறுவருடத்திலிருந்து அவள் இடம் வரிசையின் மறுகோடி. பேச்சும் நின்றது.

இந்த வசந்தத்தில் ஒரு வேன் பின்னால் வந்து அவள் டிக்கி மூடியை நசுக்கியது. மாற்று மூடி எங்கும் கிடைக்கவில்லை. கண்காட்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளில் அவள் வாசலில் ஒரு பச்சை மூடி சாய்ந்து நின்றது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

“என்னடா இது?”

“டிக்கி மூடி.”

“கண்ணு தெரியுது எனக்கு. உன் வண்டிக்கு?”

“இந்த வருசம் நான் பஸ்ல வரேன். அளவு கச்சிதமா இருக்கும்க்கா. ரெண்டும் ஒண்ணுதானே.”

“அப்ப என் வண்டியும் உன் வண்டியும் ஒண்ணுங்கிறே?”

“பின்பக்கம் மட்டும்.”

[இங்கே கிளைவ் மேல் எனக்கே சந்தேகம். இது பாசமா, வாதத்தில் ஜெயிக்கும் வழியா? மூன்று வரைவுக்குப் பின் தெளிந்தேன்: இரண்டும்தான். தம்பி என்றால் அப்படித்தான்.]

4

முடிவு அ: மூடிக்கு மெரூன் அடித்து, கோப்பையை வென்று, தம்பியை... (பெயிண்ட் அடிக்க நேரம் நிறைய இருந்தது. அவள் அடிக்கவில்லை. நான்தான் கண்ணால் பார்த்தேனே.)

முடிவு ஆ: மூடியைத் திருப்பி அனுப்பி... (சீ.)

நிறம் மாறிய வண்டிக்குக் கோப்பை கிடையாது. அது தெரிந்தே கண்காட்சிக்கு வந்தாள். பட்டப்பகலில் விளக்கையும் போட்டிருந்தாள். முகப்பில் ‘வுல்ஸ்லி’ எரிந்தது. விட்டுக்கொடுக்கிறாளா, வம்புக்கு இழுக்கிறாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் கிளைவுக்கு அக்கா.

வாசலில் கொடி காட்டி வண்டிகளை ஒழுங்குபடுத்தும் நார்மன் குனிந்து கேட்டான்:

“என்ன மேவிஸ், எப்பவும்போலக் கடைசியிலயா? இல்ல, உன் தம்பி பக்கமா?”

அவள் பதிலை எழுதி எழுதி அடித்துவிட்டேன். தூரத்தில், கார் இல்லாத தன் இடத்தில் கிளைவ் தூறலில் நிற்கிறான். பஸ்ஸில் வந்த மனிதன் இரண்டு மடக்கு நாற்காலிகளைச் சுமந்து வந்திருக்கிறான். இன்னும் ஒன்றையும் விரிக்கவில்லை.

நார்மனின் கொடி இப்போது உங்கள் கையில். பின்னால் வண்டிகள் காத்திருக்கின்றன.