நாலாவது ரவிக்கை

"கத்திரியக் குடு நைனா. கைப் பக்கம் கிழிச்சி வுட்டு மேல போத்திடலாம். பொடவைக்குள்ள எவ பாக்கப் போறா?"

சிட்டம்மாள் கையை நீட்டினாள். முனிரத்தினம் மேஜை மேலிருந்த கத்திரியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சிட்டம்மாளின் இன்னொரு கையில் அரக்குப் பட்டு ரவிக்கை இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பாஞ்சாலி மணவறையில் போட்டிருந்தது. புருஷன் இருக்கப் போனவளைக் கூரைப் புடவையும் பூவும் மஞ்சளுமாக அனுப்ப வேண்டும் என்பது முறை. புடவைக்கு ஒன்றும் குறையில்லை, பெட்டியில் பத்திரமாக இருந்தது. ரவிக்கைதான் உதவாது. விடிகாலை ஐந்து மணிக்கு உயிரை விட்ட பாஞ்சாலியின் இடது கை, தோளிலிருந்து விரல் வரைக்கும் வாழைத்தண்டு மாதிரி வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது, முழங்கையைக்கூடத் தாண்டாது என்று.

"கிழிக்க வேணாம் அத்த. வேற ஒண்ணு வெட்டி வெச்சி கீறேன். தெச்சிக் குடுத்துர்றேன்."

"எப்போ? இப்பவா?"

"ஒரு மணி நேரம் ஆவும்."

சிட்டம்மாள் அந்தத் தெருவில் இருபத்தைந்து வருஷமாக எல்லாச் சாவுக்கும் முன்னால் நின்று நடத்தியவள். சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கிறாள், பங்காளிச் சண்டை கேட்டிருக்கிறாள். மெஷின் ஓடிக் கேட்டதில்லை. "என்னமோ பண்ணு. மூணு மணிக்குள்ள எடுத்துடணும், ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உடம்புப் பக்கம் நாலு நாளைக்கு முன்பே வெட்டியாகிவிட்டது. கையை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார். தினம் தினம் வீக்கம் ஏறிக்கொண்டிருந்த கைக்கு எந்த அளவை நம்பி வெட்டுவது? முனிரத்தினம் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். தலைமாட்டில் பாஞ்சாலியின் தங்கை சுலோச்சனா அக்காவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் குனிந்து, பாஞ்சாலியின் மேல் கையைச் சுற்றி டேப்பைப் போட்டார். கை ஜில்லென்று விறைத்திருந்தது. டேப்புக்கும் தோலுக்கும் நடுவே தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். இன்னும் அரை அங்குலம் தளர்த்தினார். முழங்கைக்கும் அதே மாதிரி. எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளவில்லை, மறந்துபோகிற எண்களும் இல்லை அவை.

"இன்னா மாமா இது" என்று சுலோச்சனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் முன்னறைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தார்.

முனிரத்தினம் உத்திரமேரூர் பஜாரில் இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறவர். காட்டன், டூ பை டூ, பட்டு, எதுவானாலும் அவர் கை பட்டால் உடம்போடு ஒட்டி நிற்கும் என்று சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பேர். திருப்புலிவனத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து அளவு கொடுத்துப் போவார்கள். அப்படிப்பட்டவர் சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு நாளும் டேப் பிடித்ததில்லை. கடையில் மீந்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கொண்டுவந்து போடுவார். "கை கொஞ்சம் புடிக்குதுங்க" என்பாள். "போடப் போட சரியாப்பூடும்" என்பார். அவள் பேசாமல் போட்டுக்கொள்வாள். அவள் பேசாததை, பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டார் அந்தப் பெரிய டெய்லர்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு நாள், "ரவிக்கை இடது பக்கம் அழுத்துதுங்க" என்றாள். அவர் ஆவணி முகூர்த்தத்துக்காக அவசரமாக யாருக்கோ கல்யாண ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் அதே பதிலைத்தான் சொன்னார். தை பிறந்த பிறகு அவளாகவே அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தபோது, கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஊரில் எத்தனை பேரின் அளவு அவர் விரலுக்குத் தெரியும்! இது ஒன்று தெரியாமல் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்தார்கள். அந்த இடத்தில் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்து அனுப்பினார்கள். தோல் கருகி, காட்டன் பட்டாலே துடித்தாள். இடது கையும் வீங்க ஆரம்பித்தது. "பனியன் துணில தெச்சிப் போடுங்க, உறுத்தாது" என்று ஒரு நர்ஸம்மா சொன்னாள். காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் எடை போட்டு வாங்கி வந்தார். பனியன் துணியை அவர் அதுவரை தொட்டதில்லை. துணி துணிதானே என்ற நினைப்பு.

முதல் ரவிக்கையை வழக்கம்போல வெட்டி, வழக்கம்போலத் துணியை ஊசிக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துத் தைத்தார். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. தைத்து முடித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. பாஞ்சாலி போட்டுக்கொண்டு, "தொளதொளன்னு கீதுங்க" என்றாள். முனிரத்தினம் வாயைத் திறந்தார். அந்தப் பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "எங்க தொளதொளங்குது, காட்டு" என்றார். பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அக்குளைத் தொட்டுக் காட்டினாள்.

இரண்டாவதைக் குறைத்து வெட்டினார். பனியன் துணி குறுக்கே இழுத்தால்தான் நன்றாக நீண்டு கொடுக்கும், நெடுக்கே அவ்வளவு கொடுக்காது. துண்டு மிச்சம் பிடிக்கிற புத்தியில் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டார். கை ஏறவில்லை. மூன்றாவது, பக்கமும் சரி, அளவும் சரி. முதலிலேயே அலசிக் காயவைத்து வெட்டியதால் சுருங்கவும் இல்லை. பாஞ்சாலி தலை வாரக் கையைத் தூக்கினாள். அக்குளில் பட்டென்று தையல் விட்டது. துணி நீண்ட அளவுக்கு நூல் நீளவில்லை.

"இன்னாங்க, உங்க தையலே வுட்டுப்போச்சி!" என்று பாஞ்சாலி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் கிழிந்த துண்டுகளில் தைத்துத் தைத்துப் பார்த்தார். மெஷினில் நூலைத் தளர்த்த வேண்டும். துணியை இழுக்கவே கூடாது, அது போகிற போக்கில் விட வேண்டும். அடியில் செய்தித்தாளைக் கொடுத்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து எடுத்தால் ஓரம் நெளியாது. கையை இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக்கொண்டே ஓட்டினால் தையலும் துணியோடு சேர்ந்து நீளும். பிசிர் உள்ளே வந்தால் புண்ணில் உறுத்தும், அதனால் தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இதெல்லாம் எந்த வாத்தியாரிடமும் படித்ததில்லை. இங்கே இழுக்குது, இங்கே குத்துது என்று அவள் சொல்லிச் சொல்லித்தான் தெரிந்தது. பேசாமலே காலம் தள்ளியவள் கடைசி ஆறு மாசத்தில்தான் வாய் திறந்தாள், அதுவும் ரவிக்கையைப் பற்றி.

தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தாள். இடது பக்கம் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் குழாயடிக்குப் போவாள். பத்து நாளைக்கு முன்னால் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் போய்ட்டா நாலு பொம்பளைங்க சேந்து குளிப்பாட்டுவாங்க இல்ல?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ பேசிக்கினு."

"கேளுங்க. எவ கண்ணுலயும் அது படக்கூடாதுங்க. அய்யோ பாவம்னு ஒருத்தி சொல்லிட்டாக்கூட எனக்கு ஆவாது. சுலோச்சனாவ மட்டும் வுடுங்க. செய்வீங்களா?"

செய்கிறேன் என்று தலையை ஆட்டியிருந்தார். இப்போது மெஷினை மிதிக்கும்போது அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரவிக்கையின் இடது உள்பக்கம் பனியன் துணியையே மடித்து, நகராதபடி பஞ்சணை மாதிரி வைத்துத் தைத்தார். கொக்கிக்குப் பதிலாக முன்னால் முடிகிற மாதிரி நாடா வைத்தார்.

வெளியே பறை அடிக்கிறவர்கள் பீடி பிடிக்க நிறுத்தினார்கள். மெஷின் சத்தம் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

"இன்னாய்யா இது, பொண்டாட்டி பொணம் கூடத்துல கீது, இந்த ஆளு துணி தெச்சிக்கினு கீறான்?" என்று பந்தலில் யாரோ சொன்னார்கள்.

"தொழில் வெறிய்யா" என்றது இன்னொரு குரல்.

முனிரத்தினம் காலை நிறுத்தவில்லை. கடைசித் தையலை முடித்து, அடியில் இருந்த தாளைக் கிழித்து எடுத்தார். தையலில் சிக்கியிருந்த துணுக்குகளைக் குண்டூசியால் ஒவ்வொன்றாக எடுத்தார். சிட்டம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் ரவிக்கையைத் திருப்பி, கைக்குள் தன் விரல்களை விட்டு விரித்துப் பார்த்தார். அது தாராளமாகக் கொடுத்தது.

பின்பக்கம் கிணற்றடியில் பெஞ்சு போட்டு, நாலு பக்கமும் புடவை கட்டி, தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். பாஞ்சாலியை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தியாகிவிட்டது. சிட்டம்மாளும் மூன்று சுமங்கலிகளும் சொம்போடு நின்றார்கள். முனிரத்தினம் ரவிக்கையோடு அங்கே போனார். ஆம்பிளை வரக்கூடாத இடம்.

"அத்த, சுலோச்சனா மட்டும் உள்ள போவட்டும். நீங்க யாரும் போவாதீங்க."

"இன்னா பேச்சு பேசற? நாலு சுமங்கலி கையால தண்ணி வுழ வேணாமா? அவ இன்னா அனாதியா?"

"அவ கேட்டுக்கினா அத்த." கையிலிருந்த ரவிக்கையின் இடது பக்கத்தை மடித்து மறைத்தார். மறைத்ததே காட்டிக்கொடுத்துவிட்டது.

சிட்டம்மாள் அவர் கையைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆறு மாசமா ஒருத்தி முந்தானிய வுடாம புடிச்சிக்கினு தண்ணி தூக்கறா. தெருவுல எவளுக்கு நைனா தெரியாது? அவ சொல்லல, நாங்களும் கேக்கல. அவ்ளோதான்."

முனிரத்தினம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றிய ரகசியத்தைத் தெருவே சேர்ந்து காப்பாற்றியிருக்கிறது. அது தெரியாமலே போய்விட்டாளே என்று வந்தது அழுகை. தெரியாமல் போனதே நல்லது என்றும் இருந்தது.

சிட்டம்மாள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "சுலோச்சனா, நீ உள்ள போ. ஏய், நீங்க வாங்கடி. மூஞ்சத் திருப்பிக்கினு ஊத்துங்க. எவளாச்சும் திரும்பினீங்க, தெரியும் சேதி."

நாலு பேரும் புடவைத் தடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். சொம்பைத் தோளுக்கு மேலே தூக்கி, பின்பக்கமாகத் தண்ணீரைச் சாய்த்தார்கள். பாதித் தண்ணீர் அவர்கள் முதுகிலேயே வழிந்தது. ஒருத்தியும் திரும்பவில்லை. உள்ளே இருந்து சுலோச்சனா, "இன்னும் கொஞ்சம் இப்படி, சிட்டம்மாக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முனிரத்தினம் ரவிக்கையைத் தடுப்புக்கு மேலாக நீட்டினார். ஈரக்கை ஒன்று அதை வாங்கிக்கொண்டது. அவர் கொட்டகைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

வெகு நேரம் கழித்துத்தான் சுலோச்சனா வெளியே வந்தாள். புடவை முழுக்க நனைந்திருந்தது. பெண்கள் பாஞ்சாலியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார்கள். கூரைப் புடவையில், பூவும் பொட்டுமாக, தோள் இரண்டும் சமமாக இருந்தன. அவர் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுலோச்சனா பக்கம் திரும்பினார்.

"கை ஏறிச்சாம்மா?"

"ஏறிச்சி மாமா. சுளுவா ஏறிச்சி."

அவர் நகராமல் நின்றார்.

"எங்கியாச்சும் புடிச்சுதா?"

சுலோச்சனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் உதடு கோணியது. தலையைக் குனிந்து ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"இல்ல மாமா. ஒரு எடத்துலயும் புடிக்கல."

"சரி" என்றார் முனிரத்தினம். "சரிம்மா."

வாசலில் பறை மறுபடி தொடங்கியது. கொள்ளி வைக்கிற புருஷன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். முனிரத்தினம் கிணற்றடியில் நின்று பொத்தானில் கை வைத்தார். முதல் பொத்தானைக் கழற்றவே அவர் விரல்களுக்கு வெகு நேரம் பிடித்தது.