கலர் லைற்றின் இருண்ட பாதி

...இதுவுமில்லை, இருபத்து மூன்றாவது பல்பும் இல்லை, கலர் லைற்றுச் சரத்தில் ஒரு பாதி பளிச்சென்று எரிகிறது, மறுபாதி செத்துக் கிடக்கிறது, ஒரேயொரு பல்ப் பழுதானால் போதும் அந்தப் பக்கம் முழுக்க அணைந்துவிடும், எது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி நல்ல பல்ப்பைச் செருகிப் பார்க்க வேண்டும், "போடவா?" என்று உள்ளே சுவிச்சடியில் நிற்கிற என் புருஷன் முனாஸ் கேட்கிறார், "போடுங்க," "எரியிதா?" "எரிஞ்சா சொல்ல மாட்டனா? நிப்பாட்டுங்க!"... எரிகிற பாதியை மட்டும் முன்பக்கம் போடுவோமே, மற்றதை மடித்துச் செருகுவோமே என்கிறார், எதையும் பாதியில் விட்டால் போதும் இந்த மனிசனுக்கு. நாளைக்கு என் மூத்தவள் ரிப்காவுக்கு நிக்காஹ், மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது வாசல் பாதி இருட்டாகவா கிடக்கும்?

கடையில் வாங்கியதில்லை இது. குவைத்தில் நான் வேலைக்கு நின்ற வீட்டு மேடம் குப்பைக்குப் போடச் சொன்னது, நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டு முகப்பில் நான்தான் ஏணி வைத்துக் கட்டினேன், பதினொரு வருசம், மூன்று தடவை போய் வந்தேன், கடைசித் தடவை பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தேன், என் வீட்டிலும் ஒருநாள் கட்ட வேண்டும் என்று... என் வீடு! அந்தப் பதினொரு வருசமும் கல்லாகி, ஓடாகி, இந்தத் தரையில் மாபிளாகி நிற்கிறது. ரிப்காவுக்கு நான் போனபோது ஒன்பது வயசு, வந்தபோது என்னிடம் "நீங்க" என்று வேற்று ஆளிடம் பேசுவதுபோலப் பேசினாள், இளையவள் றுக்ஷானா எட்ட நின்று பார்த்தாள். பரவாயில்லை, வீடு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். "போடவா?" போடுங்க. இல்லை.

எங்கள் காத்தான்குடியில் வீடு கொடுக்காமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை, மாப்பிள்ளை வந்து குடியேறுவான், பெற்றவர்கள் பின்னால் ஒதுங்குவார்கள். போன கிழமை வீட்டை ரிப்காவின் பேருக்கு உறுதி எழுதி, நான் கையெழுத்தும் போட்டாயிற்று. சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு அறை, அதில்தான் இனி நாங்கள் மூன்று பேரும். எனக்காக என் உம்மாவும் இப்படித்தானே ஒதுங்கினாள், அன்றைக்கு அவள் முகத்தை நான் ஒருதரமாவது பார்த்தேனா? இல்லை, சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் இந்த லைற்றைக் கட்ட ஆணி தேடினேன், மருதாணி வைத்த கைகளை விரித்துப் பிடித்தபடி அறைக்குள் இருந்து ரிப்கா சொல்கிறாள், "என்ட ஊட்டுச் செவத்துல ஆணி கீணி அடிச்சிராதீங்க உம்மா, பெயின்ட் போயிரும்." என்ட ஊடு. சாதாரணமாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குத்தான் வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளைமேல் வயிறெரியலாமா, அஸ்தஃபிருல்லாஹ்... எரிந்தது, என்ன செய்ய.

நாற்பத்து நாலாவது பல்ப்பின் காலில் பச்சை பிடித்திருக்கிறது, உப்பு வாவிக் காற்று எதைத்தான் விட்டது, மயிர் போன்ற கம்பி தொட்டவுடன் ஒடிந்து விழுகிறது, நல்லதைச் செருகுகிறேன், "போடுங்க!" முழுக்க எரிகிறது, பிறையும் நட்சத்திரமுமாக மடி நிறைய. முனாஸ் ஓடி வருகிறார், சின்னப் பிள்ளைபோலக் கைதட்டுகிறார். எனக்கும் சிரிப்பு வருகிறது. போதும், இனி இருந்து சாப்பிடுவேன், ஐம்பத்திரண்டு வயசு, ஐம்பது தாண்டினால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் திரும்பியும் பார்க்க மாட்டான் என்று பக்கத்து வீட்டு றபீக்கா சொன்னாள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், இனி என்னை யாரும் அனுப்ப ஏலாது என்று நம்பித்தான் உறுதியில் கையெழுத்தே போட்டேன்.

"கலியாணம் முடிய மடிச்சி பத்திரமா வைப்பம்," என்கிறார், "றுக்ஷானாட கலியாணத்துக்கும் ஒதவும்."

"எந்த ஊட்டுல கொழுவுறதாம்?" பகிடியாகத்தான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, சிக்கலே இல்லாத வயரைச் சிக்கெடுக்கிறார், எனக்கு முகம் காட்டாமல், "இப்ப ஏஜென்சில அம்பத்தஞ்சி வயசு வரைக்கும் எடுக்கிறானுகளாம்," என்கிறார்.

அம்பத்தஞ்சியா... என் வயசைப் பற்றி நான் வாய் திறக்கவேயில்லையே, இந்த மனிசன் யாரிடம் போய்க் கேட்டார், எப்போது கேட்டார், நான் உறுதியில் கையெழுத்துப் போட்ட பிறகா, அதற்கு முன்பா?