ஜெபத்துக்காகப் பிரிக்கப்பட்ட கேள்வித்தாள்

1

சகலருக்கும் அறிவிப்பது: தாமிரபரணிக் கரையிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை நோக்கிப் புறப்பட்ட முதல் மேதையின் வரலாறு இதோ தொடங்குகிறது. எழுந்து நிற்க விரும்புகிறவர்கள் நிற்கலாம்.

உட்காருங்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்காரர் ஒருவர், தம் மகன் அமெரிக்காவுக்கு நுழைவுத்தேர்வு எழுதப்போகும் சேதியை மூன்று கல்யாணப் பந்திகளில் அறிவித்தார். மூன்றாவது பந்தியில் எனக்குப் பாயசம் இறங்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்த கதை இது. அவரையே எழுதினால் வீடு தேடி வந்துவிடுவார். ஆகவே 1913ஆம் வருஷத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

2

‘பொழுது புலர்ந்தது. பொருநையின் வெள்ளி அலைகளில்...’

வேண்டாம். அந்த ஆற்றில் ஒருமுறை கால் நனைத்தவர்கள்கூட இந்த வரியை எழுதியாயிற்று.

சத்தியநேசனுக்கு இருபது வயது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிறிஸ்தவ ஊர். பல்கலைக்கழகம் கேள்வித்தாளை அரக்கு முத்திரையிட்டுக் கப்பலில் அனுப்பும். பள்ளித் தலைமையாசிரியர் தேவசிகாமணி முன்னிலையில் எழுத வேண்டும். தேறினால் அமெரிக்காவில் பொறியியல். தேறாவிட்டால் ஏரல் பக்கத்தில் ஒரு குட்டிச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வேலை. போதகர் பாக்கியசீலன் ஐயர் அந்த உத்தரவைத் தயாராகவே வைத்திருந்தார்.

(இவன் கெட்டிக்காரன்தானா என்று எனக்கே சந்தேகம். இந்தப் பரீட்சைக்காக ஏழு மாதம் லத்தீன் படித்ததாக எழுதிவிட்டேன். “எவனும் பேசாத பாஷைய எந்த ஊர்ல போயி பேசுவலே?” என்று அவன் அக்காள் சாலோமி குறுக்கே கேட்கிறாள். அவளைக் கதைக்குள் விட்டது என் தப்பு.)

3

உறை வந்து சேர்ந்தது. ஞாயிறு ஆராதனையில் அதைப் பீடத்தில் வைத்து ஜெபித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சபையில் ஜெபம் என்றால் விவரம் வேண்டும்: யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாளாய், வீங்கியது எந்தக் கால்.

“பொத்தாம்பொதுவா ‘பரீட்சைய ஆசீர்வதியும்’னா ஆண்டவர் எதைன்னு எடுப்பாரு?” என்ற ஐயர், முத்திரையை உடைத்தார்.

தேவசிகாமணி எழுந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, ஐயர் ஜெபித்தார். “கர்த்தாவே, இரண்டாம் கேள்வியில் எதிரெதிரே வருகிற அந்த இரண்டு ரயில்களையும் உமது கரத்தில்...” பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. ரயில்கள் மோதாமலிருக்கச் சபை முழுவதும் முழங்காலிட்டது.*

* மிகைப்படுத்துகிறேன். பாதிச் சபைதான்.

இனிமேல் புத்தகத்தைத் தொடுவது அவிசுவாசம் என்றும் ஐயர் சொல்லிவிட்டார். சத்தியநேசன் தொடவில்லை.

4

வியாழக்கிழமை பரீட்சை முடிந்தது. அதன் பிறகுதான் தேவசிகாமணி உறைக்குள் கூடவே வந்திருந்த உறுதிமொழித் தாளைப் படித்தார். ‘முத்திரை பரீட்சை அறையில், மாணவன் முன்னிலையில் உடைக்கப்பட்டது.’ அதன் கீழே அவர் கையெழுத்திட வேண்டும். பேனா நின்றது.

“போடும்வே. கடல் தாண்டி வந்தா பாக்கப்போறான்?” என்றார் ஐயர்.

“வாராவாரம் பொய் சொல்லாதேங்கீய. இப்ப பேனாவ எடுத்துக் குடுக்கீய?”

“இது பொய்யில்லவே, ஆபீஸ் கடுதாசி.”

“போட்டுருங்க சார்,” என்று சத்தியநேசன் கெஞ்சினான். “இல்லைன்னா ஆயுசுக்கும் உபதேசியாராத்தான் கெடக்கணும்.”

சாலோமி வாசலில் நின்றாள். “ஏலே, சாரை ஏன் படுத்துத? முத்திரைய உடைச்சு யாருக்கு வெவரம் சொன்னாவளோ, அவரையே கையெழுத்துப் போடச் சொல்லு.”

5

முடிவுகள்.

ஒன்று: தேவசிகாமணி கையெழுத்திடுகிறார். அன்று முதல் மனச்சாட்சி அவரை... இல்லை, அவர் நன்றாகத் தூங்குகிறவர்.

இரண்டு: மறுக்கிறார். நேர்மையின் சிகரமாய் நிமிர்ந்து... ‘சிகரம்’ என்றதும் எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்று: ‘ஜெபத்தின் பொருட்டு ஞாயிறன்றே பிரிக்கப்பட்டது’ என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடுகிறார். அமெரிக்கர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் திராணியில்லை.

பேனாவை உங்களிடம் தருகிறேன். ஒரு பையனின் வாழ்க்கை. நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

அவன் நூற்றுக்குப் பதினொரு மதிப்பெண்ணுக்குத்தான் எழுதியிருந்தான்.