மீன் ஒட்டிய சுவர்

குருமூர்த்தியின் வீட்டு வாசல் சுவரில் போன வருஷம் பங்குனியிலிருந்து மீன்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர் அது. ஏரியிலிருந்து அந்த வீட்டுக்கு வர மீன்கள் தார்ரோட்டைத் தாண்டியாக வேண்டும், தாண்டித்தான் வந்தன. மகள் ஆர்த்தியின் கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னட்டும் என்று அரியலூரில் அவர் வாங்கிவந்த ஒரு ஜோடி டேங்க் கிளீனர் மீன்களின் வம்சம் அவை. வாய் அடிப்பக்கம், உடம்பெல்லாம் ஓடு. முழ நீளம் வளர்ந்து தொட்டி போதாமல் போனதும், கொல்ல மனமில்லாமல் ஏரியில் விட்டிருந்தார். புண்ணியம் என்றே நினைத்தார், பாவம்.

ஏரி வற்றினால் ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கும். அன்று மீனை யாரும் விற்கக் கூடாது. சம்பந்தி வீட்டாரை அழைத்துக் குழம்பு ஊற்ற வேண்டும். போன பங்குனியில் ஏரி வற்றியபோது எதிர்வீட்டுத் தனத்துக்குப் புதுச் சம்பந்திகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வலையில் விராலும் இல்லை, கெண்டையும் இல்லை, வலையைக் கிழித்த ஓட்டு மீன்தான் குவிந்தது. தனம் மண்ணை வாரித் தூற்றினாள்: "இதக் கொண்டாந்து வுட்டவன் வூட்டுலயே போயி ஒட்டிக்கட்டும்!" பக்கத்தில் நின்ற குருமூர்த்தி, "நல்லா சொன்ன தனம்" என்றார். சொன்ன வாய் மூடுமுன் காது சிவந்துவிட்டது. சம்பந்திகள் உருளைக்கிழங்குக் குழம்பு சாப்பிட்டுப் போனார்கள்.

சாயங்காலமே மீன்கள் வந்துவிட்டன. சுரண்டிப் போட்டார், மறுபடி வந்தன. சுண்ணாம்பு அடித்தார், சுண்ணாம்பைத் தின்றன. தார்ப்பாய் கட்டினார், தார்ப்பாயின் மேல் ஒட்டின. ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை. டீக்கடைக்குப் போகவே கூச்சப்பட்டார். கடைசியில் எதிர்வீட்டுக்குப் போய், "தனம், அது நாந்தான்..." என்று இழுத்தார்.

"தெரியும்ணே. செவுத்தப் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். வெயிலு ஏறுது, அதுங்களுக்குத் தண்ணி ஊத்துங்க."

இந்தப் பங்குனியில் வலையில் ஒரே ஒரு விரால் விழுந்தது. ஊர் அதைத் தனத்துக்குக் கொடுத்தது. சம்பந்திகளுக்குப் பரிமாறிவிட்டு, ஒரு துண்டைக் கிண்ணத்தில் வைத்து குருமூர்த்தி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். மனைவி லீலாவதி பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

காலையில் எழுந்ததும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை மீன்செவுரு என்றே கூப்பிடுகிறார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து திரும்பும்போது குருமூர்த்தியும், "மீன்செவுரு ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கி, தலையைக் குனிந்தபடி இறங்குகிறார்.