நான் போட்ட ஐந்து

ராமேஸ்வரத்துக்கு வருகிற ஜனம் கடலில் முங்குவதற்கு முன்னால் போனில் முங்குகிறது. எந்த லாட்ஜ் சுத்தமாக இருக்கும், திதி கொடுக்க என்னென்ன கொண்டுவர வேண்டும், பாம்பன் பாலத்தில் ரயில் எத்தனை மணிக்குப் போகும், எல்லாவற்றையும் போனிடம் கேட்டுவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்புகிறார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பி.ஏ. தமிழ் படித்த பெண்ணுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் இதைவிட நல்ல வேலை கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை, மூன்று கம்ப்யூட்டர், ஓனர் ராம்குமார், நான், போன் எடுக்க யுவராணி. தங்கும் அறையும் திதி செய்து வைக்கும் சாஸ்திரிகளும் சேர்த்து இணையத்தில் புக்கிங் போட்டுக் கொடுப்போம். சேர்ந்த புதிதில் ராம்குமார் பத்து நாள் பாடம் நடத்தினார். ஜனங்கள் தேடும்போது என்ன வார்த்தையைத் தட்டுகிறார்களோ அதற்குப் பெயர் கீவேர்டு. அதைத் தலைப்பில் வைக்க வேண்டும், முதல் வரியில் வைக்க வேண்டும். அவர்கள் கேட்கிற மாதிரியே கேள்வியைப் போட்டு, அதன் அடியிலேயே நாலு வரியில் பதிலைச் சொல்லிவிட வேண்டும். அப்படி எழுதினால், யாராவது தேடும்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டி வரும், அந்தப் பெட்டிக்குள் நம்முடைய பதில் உட்கார்ந்திருக்கும். பெட்டியைப் பிடித்துவிட்டால் யுவராணிக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

"பெட்டிக்கு நம்பர்னா உசுரு முருகலட்சுமி" என்றார் ராம்குமார். "எத்தனை நாள், எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர். வழவழன்னு எழுதினா திரும்பிக்கூடப் பாக்காது."

திங்கட்கிழமைதோறும் ஒரு கீவேர்டு பட்டியல் கொடுப்பார். பக்கத்து வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாததை எல்லாம் ஜனங்கள் அந்தப் போனில் தட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் பட்டியலில் இது இருந்தது: காணாமல் போனவருக்கு எத்தனை வருடத்தில் திதி கொடுக்கலாம். மாதம் ஆயிரத்துச் சொச்சம் பேர் தேடுகிறார்களாம். "இதுக்கு ஒருத்தனும் உருப்படியா எழுதி வைக்கல. எழுதினா பெட்டி நமக்குத்தான்" என்று ராம்குமார் கையைத் தேய்த்துக்கொண்டார்.

என் பெரிய அண்ணன் தங்கப்பாண்டி காணாமல் போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். கண்மாய்த் தண்ணீரை நம்பி நாலு ஏக்கர் நெல். அய்யாவோடு ஏதோ வாய்த்தகராறில் கோபித்துக்கொண்டு அண்ணன் ராய்ப்பூரில் ஒரு முறுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். எட்டு மாதம் ஒழுங்காகப் போன் பேசினான். அப்புறம் போன் அணைந்துவிட்டது. முறுக்குக் கம்பெனிக்காரர், அவன் வேலையை விட்டுப் போய் நாளாகிறது என்றார். சின்ன அண்ணன் அய்யப்பன் போய்த் தேடிப் பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு திரும்பி வந்தான். போலீசில் எழுதிக் கொடுத்தோம். கல்யாணமாகி முழுதாக ஒரு வருடம்கூடச் சேர்ந்திருக்காத மதினி கலைச்செல்வி, பிறந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று எங்கள் வீட்டிலேயே இருந்தாள். காலையில் குளித்து நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் களை எடுக்கப் போவாள். அந்த வீட்டில் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்தக் குங்குமம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

எழுதுவதற்கு முன்னால் எங்களிடம் வேலை செய்கிற சாஸ்திரிகளைக் கேட்டேன். "அது ஊருக்கு ஊர் மாறும்மா. அவா அவா குடும்பத்துப் பெரியவாளைக் கேட்டுக்கணும். இத்தனை வருஷம்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். அதையே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். ராம்குமார் ஒரே தட்டில் அழித்தார்.

"இதைப் படிச்சவன் நமக்கு எதுக்குப் போன் பண்றான்? அவன் வீட்டுப் பெருசுக்குல்ல பண்ணுவான். நம்பர் போடு."

மூன்று என்று போட விரல் வரவில்லை. போட்டால் அண்ணனை நானே அந்த நிமிஷம் கொன்ற மாதிரி. நிறையப் போடவும் மனம் வரவில்லை. பெரிய எண்ணாகப் போட்டால் ஆள் வராது என்கிற தொழில் புத்தி அதற்குள் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை மறைக்கவில்லை. ஐந்து என்று போட்டேன். ஐந்துக்குள் அண்ணன் எப்படியும் வந்துவிடுவான், இது வேறு யார் யாரோ வீட்டுக்கு எழுதுவது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

"காணாமல் போனவருக்கு, ஐந்து ஆண்டுகள் நிறைந்தபின் வரும் அமாவாசையில் ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கலாம் என்று பெரியோர் கூறுவர். காத்திருந்த கண்ணீரைக் கடல் வாங்கிக்கொள்ளும்."

எந்தப் பெரியோர் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. பதினோராம் நாள் பெட்டி எங்களுக்குக் கிடைத்தது. ராம்குமார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கடல் வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. பெட்டியைப் படம் பிடித்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன், என் எழுத்து என்றுகூடச் சொல்லாமல், பெருமையை அடக்க முடியாமல்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் போனது. அண்ணன் வரவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அய்யப்பனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டில் எல்லாம் பிடித்துவிட்டது, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: மூத்தவன் இருக்கானா, இல்லையா? இல்லையென்றால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வாங்க, இருக்கான் என்றால் அவன் வரட்டும். அய்யப்பனுக்கு முப்பத்து மூன்று வயது. அவன் மேலும் முழுத் தப்பு சொல்ல முடியாது. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டான்.

"காணாமப் போனவுகளுக்கு எத்தன வருசத்துல திதி குடுக்கணும்?"

போனுக்குள் இருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது. ஐந்து ஆண்டுகள் என்றது. பெரியோர் கூறுவர் என்றது. காத்திருந்த கண்ணீரைக் கடல் வாங்கிக்கொள்ளும் என்று அது சொன்ன உடனே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஐந்து வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் அம்மா சோணையம்மாள் என் வரிக்கு அழுகிறாள்.

"அண்ணே, அது நான் எழுதுனதுண்ணே" என்றேன். "எங்க ஆபீஸ்ல நான் எழுதுனது. அஞ்சுன்னு நானாத்தான் போட்டேன். அப்படி ஒரு கணக்கே கெடையாது."

அய்யப்பன் சிரித்தான். "ஆமா, இவளக் கேட்டுத்தான் நெட்டே ஓடுது."

"சாமி சத்தியமா அண்ணே."

"பெரியோர்னு போட்டிருக்குல்லத்தா" என்றார் அய்யா. அவர் என்னைத் திட்டவில்லை, இரக்கப்பட்டார். "ஒனக்கு அண்ணன் மேல பாசம். அதுக்காக இப்படியா பேசுவ? நீ அங்கன டைப்படிக்கிற வேல பாக்குற, அதப் பாரு."

மதினி அடுப்படி வாசலில் கையில் செம்போடு நின்றிருந்தாள். அவள் ஒருத்திதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் பொறுங்க, மாத்திக் காட்டுறேன்" என்று சவால் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்த அன்றே பக்கத்தைத் திறந்து ஐந்தை அழித்தேன். பெரியோரை அழித்தேன், கண்ணீரையும் கடலையும் அழித்தேன். "காணாமல் போனவர் இறந்தவர் அல்லர். இத்தனை ஆண்டு என்று எங்களால் சொல்ல முடியாது" என்று மட்டும் எழுதினேன். நான்காம் நாள் எங்கள் பக்கம் பெட்டியிலிருந்து விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அய்யப்பனுக்குப் போன் போட்டு, இப்போது கேட்டுப் பார் என்றேன்.

அவன் இன்னொரு போனில் கேட்டான். அதே குரல், அதே ஐந்து, அதே கண்ணீர், அதே கடல். வேறு எவனோ என் பக்கத்தை அப்படியே சுருட்டித் தன் தளத்தில் போட்டு வைத்திருக்கிறான். உட்கார்ந்து தேடிப் பார்த்தால் பதினோரு இடத்தில் இருக்கிறது. ஜோசியத் தளம் ஒன்று ஐந்து வருடம், ஐந்து மாதம், ஐந்து நாள் என்று தன் பங்குக்கு நீட்டியிருந்தது. ஒரு வீடியோவில் நெற்றியில் திருநீற்றுப் பட்டை அடித்த ஒருவர் என் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிச் சொன்னார். நான் திருத்தி எழுதிய உண்மை மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. மூன்றாம் பக்கத்துக்கு ஆள் போக மாட்டான் என்பது ராம்குமாரின் முதல் நாள் பாடம்.

"பதினோரு எடத்துல ஒண்ணு மாதிரி போட்டிருக்கு" என்றான் அய்யப்பன். "பதினோரு பேருமா பொய் சொல்லுவாக?"

அதற்குள் புக்கிங் குறைந்ததை ராம்குமார் கண்டுபிடித்துவிட்டார். பழைய பக்கத்தைத் திரும்ப ஏற்றினார். இன்னொரு தடவை கை வைத்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். ரோஷம் வந்து வேலையை விட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? விடவில்லை. விட்டால் ஊரில் போய் உட்கார வேண்டும், அந்த வாசலில்.

பத்து நாள் கழித்து யுவராணி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, உங்க ஊர்லேருந்து ஒரு புக்கிங் வந்திருக்கு, பாருங்க." நான் வடிவமைத்த படிவம்தான். இறந்தவர் பெயர்: தங்கப்பாண்டி. இறந்த தேதி என்ற இடத்தில், காணாமல் போனவர் என்று தேர்ந்தெடுத்திருந்தது. அப்படி ஒரு வசதி வைத்தால் ஜனம் பாதியில் திரும்பிப் போகாது என்று யோசனை சொன்னதும் நான்தான். அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அழித்தாலும் இன்னும் பதினோரு இடம் இருக்கிறது. விரலை எடுத்துவிட்டேன்.

மாசி அமாவாசைக்கு நாலு பேரும் வந்தார்கள். அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் முறைக்கு வந்தது அதே சாஸ்திரிகள். காணாமல் போய் எத்தனை வருஷம் என்று கேட்டார். அஞ்சு முடிஞ்சிருச்சு சாமி என்றார் அய்யா. "அப்போ சரி" என்று தர்ப்பையை எடுத்தார். நான் அவரைத் தனியாக மடக்கி, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு ஊர் மாறும் என்றீர்களே என்றேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்தார்.

"சொல்லியிருப்பேன். ஆனா இப்பல்லாம் எல்லாரும் அஞ்சுன்னு சொல்லிண்டுதாம்மா வரா. அதுதான் வழக்கம் போலிருக்கு."

அய்யப்பன் பிண்டம் வைத்தான். மதினியை அம்மா கையைப் பிடித்துக் கடலில் முங்க வைத்தாள். மூன்றாவது முங்கலில் குங்குமம் தானாகவே போயிருந்தது, யாரும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. தாலியை லாட்ஜ் அறையில் வைத்து அம்மாதான் கழற்றினாள். மதினி கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

அய்யப்பன் ஈர வேட்டியைக்கூட மாற்றாமல், எங்கள் தளத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, காணாமல் போனவருக்கு நல்ல முறையில் திதி செய்து கொடுத்தார்கள் என்று எழுதினான். ஒரு மணி நேரத்தில் ராம்குமாரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. கஸ்டமரே கீவேர்டு வைத்து எழுதியிருக்கிறார், பார், எல்லோரிடமும் இப்படித்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

மத்தியானம் பஸ் ஏற்றிவிடப் போனேன். அய்யாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், அய்யப்பன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். மதினி ஜன்னலோரம் இருந்தாள். வெறும் நெற்றியோடு அவளைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"லெச்சுமி, பொங்கலுக்குச் சொன்னியே, அது நெசந்தானா? நீதான் எழுதுனியா?"

"ஆமா மதினி."

"நீயாப் போட்டதா? ஆரும் சொல்லலையா?"

"ஆரும் சொல்லல. அப்ப மூணு வருசந்தான் ஆயிருந்துச்சு. அஞ்சுக்குள்ள அண்ணன் வந்துரும்னு நெனச்சேன் மதினி." அவள் அழவில்லை.

"நீ ஸ்டேட்டஸ் வச்ச அன்னைக்கே நான் அதப் படிச்சேன்" என்றாள். "அன்னையிலேருந்து நாள் எண்ணிக்கிட்டே கெடந்தேன். இன்னும் ரெண்டு வருசம், இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு மாசம்னு. சாமி வச்ச கணக்குன்னுல்ல நெனச்சேன்."

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அய்யப்பன் ஓடி வந்து ஏறினான். மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீயாப் போடுறதுதானே லெச்சுமி. அம்பதுன்னு போட்டிருந்தா என்ன? நான் பாட்டுக்குப் பொட்டு வச்சுக்கிட்டு இருந்திருப்பேனே."